ஸ்லீவ் சர்ஜரிக்கு அப்புறம் வெயிட் திரும்ப ஏறினவங்களுக்கான டயட் கிளினிக்: போய் பார்த்ததுல என் ரிவ்யூ

கோயம்புத்தூர்ல ஆர்.எஸ்.புரம் பக்கம் ஒரு சின்ன டயட் கிளினிக் இருக்கு. வெயிட் குறைக்கிற ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்குன்னே தனியா ஒரு ஃபாலோ-அப் புரோகிராம் நடத்துறாங்க, மூணு மாச பேக்கேஜ், 9,000 ரூபாய், ரத்த டெஸ்ட் செலவு தனி. கிளினிக் பேரை இங்க போடல, போட்டா காசு வாங்கிட்டு எழுதுறேன்னு ஆயிரும். ஆனா இந்த மாதிரி ஒரு இடத்துக்கு போனா என்ன எதிர்பார்க்கலாம், எதை கேட்டு வாங்கணும்னு இதைப் படிச்சா ஒரு ஐடியா கிடைக்கும். எந்த ஊர்ல இருந்தாலும் ஒத்து வரும்.

எனக்கு ஸ்லீவ் (வயித்துல பெரும்பகுதியை வெட்டி எடுத்து குழாய் மாதிரி ஆக்குற ஆபரேஷன்) பண்ணது. அப்ப 118 கிலோ, பிஎம்ஐ 45, சுகர் இருந்துச்சு, தூங்கும்போது மூச்சு நிக்கிற பிரச்சனை வேற. ஆபரேஷன் முடிஞ்சு ஒன்றரை வருஷத்துல 76 வரைக்கும் வந்தேன், சுகர் மாத்திரை நின்னுச்சு, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறது நின்னுச்சு, அந்த சந்தோஷம் சொல்லி மாளாது. அப்புறம் ரெண்டாவது வருஷம் முடிஞ்சு கொஞ்சம் கொஞ்சமா ஏற ஆரம்பிச்சு 87ல வந்து நின்னுச்சு. நான் தட்டு நிறைய சாப்பிடவே இல்லை, சாப்பிடவும் முடியாது, ஆனா ஏறுது. வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, அத்தை "லட்சக்கணக்குல செலவு பண்ணி வயித்த வெட்டியும் வாயக் கட்ட முடியலையா"ம்பாங்க, தெரிஞ்சவங்க எல்லாம் "திரும்ப பழைய மாதிரி ஆயிருவியா"ன்னு கேப்பாங்க. இதை அனுபவிச்சவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரியில சர்ஜரி பக்காவா பண்ணாங்க, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு அப்புறம் டயட்னு பார்த்தா ஒரு ஜெராக்ஸ் பேப்பர்தான். அதுல ஓட்ஸ், ப்ரோக்கோலி, கினோவா, கிரில்டு ஃபிஷ்னு போட்டிருக்கும், எங்க வீட்டு அடுப்புல நடக்கிற எதுவும் அதுல இருக்காது. மூணு மாசத்துக்கு ஒருக்கா போன் பண்ணி வெயிட் எவ்வளவுன்னு கேட்டு எழுதிட்டு வச்சிருவாங்க, ஒவ்வொரு தடவையும் புது ஆளு பேசுவாங்க. ஏறிருச்சுன்னு சொன்னா "வாக்கிங் போங்க மேடம், ஸ்வீட் குறைங்க", அவ்வளவுதான். அதனாலதான் வேற இடம் தேடினேன்.

இந்த கிளினிக்ல முதல் நாள் எனக்குப் பிடிச்சது என்னன்னா, அந்த டயட்டீஷியன் பொண்ணு (சின்ன வயசுதான், எல்லாரையும் அக்கா அண்ணான்னுதான் கூப்பிடுது) முதல்ல மெஷின்ல ஏறச் சொல்லல. உட்கார வச்சு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு, "அக்கா, எதைச் சாப்பிட்டா நெஞ்சுல நிக்குது, எதைச் சாப்பிட்டா நிக்காம போகுது, ரெண்டு லிஸ்ட் சொல்லுங்க." நான் சொன்னேன், சிக்கன் நிக்கும், சப்பாத்தி நிக்கும், வெறும் சோறு நிக்கும், முட்டை மஞ்சக்கரு சில நாள் நிக்கும். போறதுன்னா டீயில நனைச்ச பன், பிஸ்கட், முறுக்கு, மிக்சர், ஐஸ்கிரீம், கரைச்ச தயிர் சாதம், கஞ்சி. எல்லாத்தையும் எழுதிட்டு, ரெண்டு கண்ணாடி டம்ளர்ல வெதுவெதுப்பா தண்ணி ஊத்தி, ஒண்ணுல பிஸ்கட்டும் ஒரு துண்டு முறுக்கும் போட்டுச்சு, இன்னொண்ணுல வேகவச்ச கோழித் துண்டு. பேசிட்டே இருந்தோம், கொஞ்ச நேரத்துல பிஸ்கட் டம்ளர் முழுக்க கூழாயிருச்சு, முறுக்கு ஊறி ஸ்பூன்ல தொட்டா உடையுது, கோழி மட்டும் போட்டது போட்டபடி கிடக்கு. "உங்க வயிறு இப்ப ஒரு குழாய், கூழா இருக்கிறது உள்ள தங்காம ஓடிரும், ஓடிட்டா வயிறு நிறைஞ்சதே தெரியாது, அரை மணி நேரத்துல திரும்ப பசிக்கும், கலோரி மட்டும் உடம்புல சேர்ந்துட்டே இருக்கும்"னு சொல்லுச்சு. மூணு வருஷமா ஒருத்தரும் எனக்கு இதை விளக்கல. கோழி நெஞ்சுல நிக்கிறதால உடம்பு தானாவே பன்னு பிஸ்கட் பக்கம் சாயும், ஆபரேஷன் பண்ண நிறைய பேருக்கு நடக்கிறது இதுதானாம். நம்மூர்ல தெருவுக்கு நாலு பேக்கரி, டீயும் தேங்கா பன்னும் வாசனை பிடிச்சுட்டே தாண்டிப் போகணும், வேற எப்படி நடக்கும் சொல்லுங்க.

அப்புறம் ஆபரேஷனையே ஒரு படம் போட்டு விளக்குச்சு. ஸ்லீவ்ல வயித்துல 75-80% எடுத்துடறாங்க, மிச்சம் இருக்கிறது ஆரம்பத்துல 100-150 மில்லிதான் பிடிக்கும், வருஷம் போகப் போக அது கொஞ்சம் விரியத்தான் செய்யும். பசியைத் தூண்டுற கிரெலின்ங்கிற ஹார்மோன் அதிகமா சுரக்கிற மேல் பகுதியை வெட்டி எடுக்கிறதாலதான் முதல் வருஷம் பசியே இல்லாத மாதிரி இருக்கு, அது கடைசி வரைக்கும் அப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது. உடம்பு எடை குறைஞ்சதும் அது செலவு பண்ற கலோரியும் குறைஞ்சிரும். ஸ்வீடன்ல 1987ல ஆரம்பிச்சு பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய ஆய்வு இருக்காம், அதுல பைபாஸ் (இதய பைபாஸ் இல்லை, வயித்தைச் சின்னப் பை ஆக்கி சிறுகுடலோட இணைக்கிற ஆபரேஷன்) பண்ணவங்க முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள சராசரியா 32% எடை இழந்திருக்காங்க, பத்து வருஷம் கழிச்சு பார்த்தா அது 25%ல நிக்குது (அந்த ஆய்வுல ஸ்லீவ் கிடையாது, அதையும் அந்தப் பொண்ணே சொல்லுச்சு). அதாவது கொஞ்சம் திரும்ப ஏறுறது எதிர்பார்த்ததுதான், ஏறினதும் சும்மா விட்டாத்தான் சிக்கல். இதைக் கேட்டப்ப எனக்கு வயித்துல பால வார்த்த மாதிரி இருந்துச்சு. கிளினிக்குக்கு முழு மார்க் குடுக்கிறதுக்கு இந்த ஒரு மணி நேரமே போதும்.

அதோட விடல, சாப்பாட்டு மேலயே பழி போடாம வேற காரணம் இருக்கான்னு பார்க்கணும்னு சொல்லி தைராய்டு, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்), பி12, ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் டி, கால்சியம், பாரா தைராய்டு ஹார்மோன் எல்லாம் எழுதிக் குடுத்தாங்க. ஆபரேஷன் பண்ண சர்ஜனைப் பார்த்து வயிறு ரொம்ப விரிஞ்சிருக்கான்னு எண்டோஸ்கோப்பி தேவைப்படுமான்னு கேட்டுட்டு வாங்கன்னு ஒரு லெட்டரும் குடுத்தாங்க. இந்த மாதிரி டாக்டர்கிட்ட திருப்பி அனுப்புற டயட் சென்டரை நான் வேற எங்கயும் பார்த்ததில்லை, மத்த இடத்துல எல்லாம் நேரா பவுடர் டப்பாவைத்தான் நீட்டுவாங்க.

இப்ப சாப்பாட்டுக்கு வரேன், இதுதான் நிறைய பேருக்கு வேணும். கணக்கு என்னன்னா ஒரு நாளைக்கு குறைஞ்சது 60 கிராம் புரோட்டீன், அதை முதல்ல எட்டணும், மத்ததெல்லாம் அப்புறம். சாப்பிட உட்கார்ந்தா முதல்ல முட்டையோ மீனோ பனீரோ பயறோ, அது முடிஞ்சதும் காய், அதுக்கப்புறம் இடம் இருந்தாத்தான் சோறு. நம்ம வீட்டுல சோத்தைக் குழிச்சு குழம்பு ஊத்தித்தான ஆரம்பிக்கிறோம், அதைத் தலைகீழா மாத்தணும், முதல் ரெண்டு வாரம் கை தானா சோத்துக்குத்தான் போகும். எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உட்கார்ந்து என் தட்டுல இருந்த சோத்தை எடுத்து தனிக் கிண்ணத்துல வச்சிருவார், அதுக்கப்புறம்தான் பழகுச்சு.

இட்லி பத்தி எல்லாரும் கேப்பாங்க. ஒரு இட்லியில ரெண்டு கிராம் புரோட்டீன் இருந்தாலே பெருசு, நமக்கு ரெண்டு இட்லிக்கு மேல இறங்காது, அப்ப காலை டிபன் நாலு கிராமோட முடிஞ்சுது. அதே இடத்துல ரெண்டு முட்டை சாப்பிட்டா 12 கிராம். அதுக்காக இட்லியே கூடாதுன்னு சொல்லல, முட்டை ஒண்ணு சாப்பிட்டு இட்லி ஒண்ணு தொட்டுக்கோங்கன்னு சொன்னாங்க, கெட்டிச் சாம்பாரோட. எனக்குப் போட்டுக் குடுத்த ஒரு நாள் கணக்கு இது: காலையில ரெண்டு முட்டை 12, பதினோரு மணிக்கு வே புரோட்டீன் (பால்ல இருந்து எடுக்கிற புரோட்டீன் பவுடர்) ஒரு ஸ்கூப் 24, மதியம் குழம்பு மீன் ஒரு 80 கிராம் அதுல 16, சாயங்காலம் கொண்டக்கடலை சுண்டல் அரை கப் 7, ராத்திரி பனீர் 50 கிராம் அதுல 9, மொத்தம் 68. பாக்க சுலபமா தெரியுது, ஆனா சின்ன வயித்துல இதை உள்ள தள்ளுறதே ஒரு முழு நேர வேலை, ஒவ்வொரு வேளையும் இருபது முப்பது நிமிஷம் எடுத்து மென்னு முழுங்கணும்.

இந்த கிளினிக்ல ரொம்ப நல்ல விஷயம் நம்மூரு சமையலை விட்டு வெளிய போகவே இல்லை. கொள்ளுப் பருப்பு, பச்சப்பயறு கடையல், தட்டப்பயறு குழம்பு, முருங்கைக்கீரை போட்ட முட்டைப் பொரியல், பள்ளிபாளையம் சிக்கன் (தேங்காயும் எண்ணெயும் பாதி ஆக்கி, கறியை சின்னச் சின்னதா வெட்டி, நல்லா வேகவச்சு). கோழி நெஞ்சுல நிக்கிறதுக்கு வழி சொன்னாங்க பாருங்க, அதுதான் எனக்கு உபயோகமா இருந்துச்சு: நெஞ்சுக் கறி வேண்டாம், அது காய்ஞ்சு போயிடும், தொடைக் கறியைக் கொத்துக்கறியா வாங்கி குழம்பாவே வைங்க, மிச்சம் வச்சு அடுத்த நாள் சூடு பண்ணிச் சாப்பிடாதீங்க, சூடு பண்ணப் பண்ண கறி இறுகிரும். அன்னைக்குச் செஞ்சதை அன்னைக்கே ஈரப்பதமா சாப்பிட்டதுல இருந்து எனக்கு கோழி நிக்கிறதே இல்லை. அரிசியும்பருப்பு சாதம் எங்க வீட்டுல வாரத்துல ரெண்டு நாள், அதை நிறுத்தச் சொல்லாம அரிசியைப் பாதியாக்கி பருப்பை ரெண்டு மடங்கா போடச் சொன்னாங்க, பசங்களுக்கே அது பிடிச்சுப் போச்சு.

தண்ணி விஷயத்துல கண்டிப்பா இருப்பாங்க. சாப்பிடும்போது தண்ணி கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான். ஆஸ்பத்திரியிலயும் சொன்னதுதான், ஆனா ஏன்னு சொல்லல, இப்ப அந்த டம்ளர் கூழைப் பார்த்ததுக்கு அப்புறம் புரியுது, தண்ணி சேர்ந்தா கெட்டி சாப்பாடும் சீக்கிரம் கரைஞ்சு ஓடிரும். ரசம் ஊத்திப் பிசைஞ்ச சாதமும் இதே கதைதான். ரசம் வேணும்னா தனியா, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி டம்ளர்ல குடிச்சுக்கலாம்.

மாத்திரை பத்திக் கொஞ்சம் விவரமா எழுதுறேன், ஏன்னா வெயிட் குறையுதா ஏறுதான்னு பார்க்கிற அளவுக்கு இதை யாரும் பார்க்கிறதில்லை. எனக்கு ரிப்போர்ட்ல பி12 கீழ, ஃபெரிட்டின் ரொம்பக் கீழ. பாதம் எரியுது, விரல் மரத்துப் போகுதுன்னு நான் செருப்பு மாத்திட்டு இருந்தேன், அதுக்குக் காரணம் பி12ஆ இருக்கலாம்னு ரிப்போர்ட் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, டாக்டர் ஊசி போட்டு, அப்புறம் மாத்திரைக்கு மாத்தினாங்க. மல்டிவைட்டமின், கால்சியம், வைட்டமின் டி, இரும்பு, பி12 இதெல்லாம் ஆயுசுக்கும் உண்டு, ஒரு வருஷம் போட்டுட்டு நிறுத்துற விஷயம் இல்லை. கால்சியம் ஒரு நாளைக்கு 1,200ல இருந்து 1,500 மில்லிகிராம், அதை ஒரே நேரத்துல போட்டா உடம்பு எடுத்துக்காது, 500 500ஆ பிரிச்சுப் போடணும், அதுவும் சிட்ரேட் வகைதான் நம்மளை மாதிரி ஆசிட் குறைஞ்ச வயித்துக்கு ஏத்தது, மெடிக்கல்ல கேட்டா கையில வர்றது பெரும்பாலும் கார்பனேட்தான், அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்க. இரும்பு மாத்திரையும் கால்சியமும் ஒண்ணா போடக்கூடாது, ரெண்டு மணி நேரம் இடைவெளி வேணும், இரும்பு போட்ட கையோட டீ காபியும் வேண்டாம். மாதவிடாய் இருக்கிற பொம்பளைங்களுக்கு இரும்பு 45-60 மில்லிகிராம் வரைக்கும் தேவைப்படுது, சாதாரண மல்டிவைட்டமின்ல அவ்வளவு இருக்காது. அளவு எல்லாம் உங்க ரிப்போர்ட்டை வச்சு டாக்டர் சொல்றதுதான், நான் எழுதுறது கேள்வி கேக்கிறதுக்காக. இன்னொண்ணு, யாருக்காவது விடாம வாந்தி இருந்தா, அது ஆபரேஷன் ஆன புதுசா இருந்தாலும் சரி வருஷம் ஆனாலும் சரி, தள்ளிப் போடாம ஆஸ்பத்திரி போங்க, தயமின் (வைட்டமின் பி1) குறைஞ்சு நரம்பும் மூளையும் பாதிக்கிற அளவுக்குப் போகும்.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை குரூப் மீட்டிங் வைக்கிறாங்க, திருப்பூர் பொள்ளாச்சி ஈரோடுல இருந்தெல்லாம் வர்றாங்க. இது பேக்கேஜ்ல சேர்ந்ததுதான். பைபாஸ் பண்ண ஒரு அண்ணன், கல்யாண வீட்டுல ஜாங்கிரி சாப்பிட்டு பத்து நிமிஷத்துல வேர்த்து, நெஞ்சு படபடத்து, வயித்தால போயி படுத்துட்டேன்னு சொன்னாரு, இனிப்பு வேகமா குடலுக்குள்ள ஓடிடறதால வர்ற இதைத்தான் டம்பிங்ம்பாங்க, அதைப் பேப்பர்ல படிக்கிறதும் ஒருத்தர் வாயால கேக்கிறதும் வேற வேற. குழந்தைக்கு ட்ரை பண்ற ஒரு பொண்ணுக்கு ஆபரேஷன் ஆகி 12-18 மாசமாவது தள்ளிப் போடணும்னு விளக்கினாங்க, அவங்க மாமியார் கூடவே வந்திருந்தாங்க, அவங்களும் காது குடுத்துக் கேட்டாங்க. முடி கொட்டுறதுக்கு பயந்து அழுத ஒருத்தவங்களுக்கு, மூணாவது மாசத்துல இருந்து ஆறாவது மாசம் வரைக்கும் நிறைய பேருக்குக் கொட்டும், புரோட்டீனும் இரும்பும் சரியா இருந்தா திரும்ப வளரும்னு அங்க இருந்த நாங்களே சொன்னோம். குடிக்கிறவங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை குடுக்கிறாங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் சரக்கு சீக்கிரம் ரத்தத்துல ஏறும், பழைய அளவு இனி அளவே இல்லைன்னு.

இப்ப எல்லாரும் கேக்கிற, பசியைக் குறைச்சு வெயிட் குறைக்கிற ஊசி. 2025 மார்ச்ல மவுஞ்சாரோ, ஜூன்ல வெகோவி இந்தியாவுக்கு வந்ததுல இருந்து, ஏறின வெயிட்டுக்கு அதைப் போட்டுக்கலாமான்னு மீட்டிங்ல பாதி நேரம் இதே பேச்சு. கிளினிக்ல வேண்டாம்னும் சொல்லல, போடுங்கன்னும் சொல்லல, அது டாக்டர் எழுதிக் குடுக்கிறது, சர்ஜரிக்கு அப்புறம் வெயிட் ஏறினவங்களுக்கும் சில டாக்டருங்க குடுக்கிறாங்க, ஆனா ஏற்கனவே கொஞ்சமா சாப்பிடுறவங்க பசியும் குறைஞ்சா புரோட்டீன் 60ஐ எட்டுறது இன்னும் கஷ்டம், தசை கரைஞ்சிரும், அதனால போட்டாலும் இந்த டயட்டை விடக்கூடாதுன்னு சொன்னாங்க. எனக்கு இது நியாயமா பட்டுது.

குறைன்னு பார்த்தா இருக்கு. ரிசப்ஷன்ல அவங்களே ஒரு புரோட்டீன் பவுடர் வச்சு விக்கிறாங்க, டயட்டீஷியன் பொண்ணு எதுவும் சொல்லாது, ஆனா பில் போடுறவங்க ஒவ்வொரு தடவையும் "மேடம் ஒரு டப்பா எடுத்துக்கோங்க"ன்னு நிப்பாங்க. வெளிய கிடைக்கிற நல்ல வே ஐசோலேட்டை (பால் சர்க்கரையான லாக்டோஸைப் பெரும்பாலும் நீக்கின வகை) விட விலை அதிகம், லேபிளைத் திருப்பிப் பார்த்தா ஸ்கூப்புக்கு 15 கிராம்தான் புரோட்டீன், மிச்சம் சர்க்கரையும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின்ங்கிற ஒரு வகை மாவுச்சத்தும். நான் வாங்கல, நீங்களும் ஸ்கூப்புக்கு 24-25 கிராம் இருக்கா, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ்) நம்பர் இருக்கா, லாக்டோஸ் ஒத்துக்காதவங்கன்னா ஐசோலேட்டான்னு பார்த்து வெளிய வாங்குங்க. அப்புறம் அவங்க ஆப் முழுக்க இங்கிலீஷ், எங்க அத்தை வயசுல இருக்கிறவங்க எப்படி அதுல சாப்பாட்டை ஏத்துவாங்க, நாலு பேர் மீட்டிங்ல சொல்லியும் இன்னும் மாத்தல, வாட்ஸ்அப்ல தட்டு போட்டோ அனுப்புறதுக்கு மட்டும் ஒத்துக்கிட்டாங்க. சுத்த சைவத்துக்கு பிளான் வீக்கா இருக்கு, பனீர் பனீர் பனீர்னு எத்தனை நாள் சாப்பிடுவாங்க, சோயா சங்க்ஸ், டோஃபு, கெட்டித் தயிர் எல்லாம் நாமளா கேட்டாத்தான் வருது. உடற்பயிற்சின்னு பேச்சுக்கு ரெண்டு வரிதான் சொல்றாங்க, தசையைக் காப்பாத்த வெயிட் தூக்குற பயிற்சி முக்கியம்னு அவங்களே சொல்லிட்டு அதுக்கு ஆளு வைக்காதது பெரிய ஓட்டை. 9,000ம் நிறைய பேருக்குக் கையைக் கடிக்கும், அதுக்கு மேல டெஸ்ட் செலவு வேற.

ரிசல்ட் கேப்பீங்க. பேக்கேஜ் முடியும்போது 87ல இருந்து 82. அஞ்சு கிலோதானான்னு சிலருக்குத் தோணும், எனக்கு அது பெருசு, ஏன்னா ஏறுறது நின்னுச்சு, பாத எரிச்சல் குறைஞ்சுச்சு, ஃபெரிட்டின் மேல வந்துச்சு, சாயங்காலம் நாலு மணி ஆனா கை நடுங்குற பசி இல்லை. சாப்பாட்டு முன்னாடி உட்காரும்போது இருந்த பயமும் போயிருச்சு. அத்தை இப்ப என் கூடவே சாயங்காலம் சுண்டல் சாப்பிடுறாங்க.

ஆபரேஷன் ஆகி முதல் ரெண்டு மாசத்துல திரவம், கூழ்னு இருக்கிறவங்க இங்க வர வேண்டியதில்லை, அந்த நேரத்துல உங்க சர்ஜன் டீம் சொல்றதை மட்டும் கேளுங்க. ஒரு வருஷம் தாண்டினவங்க, வெயிட் நின்னு போனவங்க, ஏற ஆரம்பிச்சவங்க, அதைவிட முக்கியமா ரத்த டெஸ்ட் எடுத்தே வருஷக்கணக்கா ஆனவங்க கண்டிப்பா இந்த மாதிரி ஒரு இடத்தைத் தேடிப் போகலாம். ஆறு மாச பேக்கேஜை எடுக்கச் சொல்லி கேப்பாங்க, வேண்டாம், முதல்ல ஒரு சிட்டிங் மட்டும் 800 ரூபாய்க்கு இருக்கு, அதைப் போட்டுப் பாருங்க. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த ஆபரேஷன்னு எழுதின பேப்பர், இப்ப போடுற மாத்திரை அட்டை எல்லாம் எடுத்துட்டுப் போங்க, மூணு நாளா என்ன சாப்பிட்டீங்கன்னு டீ பிஸ்கட் உட்பட எழுதிட்டுப் போனா அரை மணி நேரம் மிச்சம். சனிக்கிழமை கூட்டம் அள்ளும், செவ்வாய் புதன் காலையில போனா நிதானமா பேசலாம்.